பழைய டீசல் ஜீப்புக்குப் புது பேட்டரி: அறிகுறி பார்த்துப் பிழையைப் பிரித்த பிறகு வாங்குங்கள்

காலையில் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். எம்.எம்.540, சி.ஜே.500டி, கமாண்டர், மேஜர் போன்ற பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகளில் அந்தப் பழி பல நேரம் தவறு. துருப்பிடித்த எர்த்தும் (மைனஸை வண்டி உடலோடு சேர்க்கும் இணைப்பு) தளர்ந்த லக்கும் (கேபிளின் உலோக முனை) செய்கிற வேலைக்கு நல்ல பேட்டரி எடைக்குப் போய்விடுகிறது. சில நேரம் பேட்டரி செத்திருப்பது உண்மைதான். அப்போதும் அதைக் கொன்ற பிழை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும். புதிதாக வருவதையும் ஒரு வருடத்தில் முடித்துவிடும். அதனால் முதலில் அறிகுறி, பிறகு கடை.

கையில் வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், 10-ம் 13-ம் ஸ்பேனர், கம்பி பிரஷ், அளவு டேப், தடிமனான ஒரு ஜம்ப்பர் கேபிள், கண்ணாடி. கண்ணாடியை யாரும் போடுவதில்லை, ஆனால் போடுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. ஸ்பேனர் ப்ளஸ்ஸிலிருந்து பாடியில் பட்டு ஒரு பொறி வந்தால் பெட்டியே வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்று சொல்வது இதற்காகத்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு அளவுகள்

ஒன்று, ஓய்வு வோல்ட். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, சாவி போடும் முன், மீட்டர் முனைகளை டெர்மினல் தூணிலேயே வையுங்கள். கிளாம்ப் மேல் வேண்டாம். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.9-க்குக் கீழே காலி. 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது: ஆறு செல்லும் தலா 2.1 வோல்ட், அதில் ஒன்று கழிந்தால் வருகிற கணக்கு அது. வண்டி ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். இரவு வரை பொறுக்க முடியாதென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து அளங்கள்.

இரண்டு, லோடில் வோல்ட். கடையில் லோடு டெஸ்டர் இருக்கும், அதில் சி.சி.ஏ. (குளிரில் செல்ஃப் அடிக்கப் பேட்டரி தரக்கூடிய கரண்ட்) மதிப்பின் பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்து, 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். டீசல் ஜீப்பில் டெஸ்டர் தேவையே இல்லை, செல்ஃபே டெஸ்டர். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டால் (டீசலை நிறுத்தும் சோலனாய்டு வைத்த வண்டியில் அதன் ஒயரைக் கழற்றிவிட்டால்) என்ஜின் பிடிக்காது. ஒருவர் 10 விநாடி செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் டெர்மினல் தூணில் மீட்டரைப் பார்க்கட்டும். 15 விநாடியைத் தாண்ட வேண்டாம், அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சுட்டுப்போகும்.

இந்தச் சோதனைக்கு முன் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். 12.2-ல் நிற்கும் பேட்டரியை லோடில் அளந்து "செத்துவிட்டது" என்று சொல்வது, பட்டினி கிடந்தவனை ஓடவிட்டு நோயாளி என்பதற்குச் சமம். முதலில் சார்ஜர் போடுங்கள். பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்: 75-க்கு 7.5 ஆம்பியர்.

அறிகுறி: சாவியைத் திருப்பினால் "டக்" ஒன்று, அதோடு சரி

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு அடியோடு மங்கி, தூணிலும் வோல்ட் 9-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது செல்ஃப் இறுகி அளவுக்கு மீறி இழுக்கலாம். விளக்கு மங்கியும் தூணில் 12-க்கு மேல் நின்றால், கிளாம்ப்பிலோ பொதுவான எர்த்திலோ பிழை. விளக்கும் மங்கவில்லை, வோல்ட்டும் இறங்கவில்லை என்றால் கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. செல்ஃபின் சோலனாய்டு, செல்ஃப் கேபிள், கார்பன் பிரஷ் இவற்றில் தேடுங்கள்.

கேபிளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரப்பர் உறைக்குள் செம்பு பச்சையாகப் பொடிந்திருக்கும், வெளியே பளபளப்பாக இருக்கும். அளந்தால்தான் தெரியும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.-யில் வைத்து, ஒரு முனை பேட்டரி மைனஸ் தூணில், மற்றொன்று என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5-ஐத் தாண்டினால் பிழை அங்கேதான். அடுத்து ப்ளஸ் தூணிலிருந்து செல்ஃபின் கொழுத்த போல்ட் வரை: 0.5-க்குள் இருக்க வேண்டும். சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு இடையே 0.3-ஐத் தாண்டினால் உள்ளே உள்ள தாமிரத் தொடுப்பு தேய்ந்திருக்கிறது.

ஜீப்பில் எர்த் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? பேட்டரி மைனஸ் சேஸியில் முடிகிறது. என்ஜினோ ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஒரே ஒரு பின்னல் பட்டை. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கியவர் அதைத் திரும்ப மாட்ட மறந்திருந்தால், செல்ஃபின் முழு கரண்ட்டும் ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள்கள் சுடுகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறு சோதனையே வேண்டாம். ஜம்ப்பர் கேபிளால் பேட்டரி மைனஸையும் என்ஜின் பிளாக்கையும் நேராக இணைத்து அடித்துப் பாருங்கள். வண்டி துள்ளி ஸ்டார்ட் ஆனால் பேட்டரிக்கு வைத்திருந்த காசு மிச்சம்.

கேபிள் மாற்றுவதாக இருந்தால் டீசலுக்கு 35 சதுர மி.மீ. குறைந்தபட்சம், 50 போட்டால் நிம்மதி. லக்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி ஈயம் ஊற்றிய லக் ஆறு மாதத்தில் ஆடும்.

அறிகுறி: மலையில் காலையில் மட்டும் சோம்பல், மதியம் சரியாகிவிடுகிறது

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் பனி உறையும் காலைகளில் இது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. 0 டிகிரிப் பக்கம் போனால் ஆசிட் பேட்டரி தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதே வேளையில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக வலு கேட்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சமவெளியில் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும் பேட்டரி மலையில் முதல் பனிக்கே கையை விரிப்பது இதனால்தான்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் உங்கள் என்ஜின் எது என்று பாருங்கள். பெஜோ வடிவமைப்பான எக்ஸ்.டி.பி. 4.90 (2,112 சி.சி.) என்றால் அதற்கு ஹீட்டர் பிளக் உண்டு. நான்கில் இரண்டு செத்திருந்தால் வண்டி பிடிக்க 5 விநாடிக்குப் பதில் 20 விநாடி செல்ஃப் அடிக்க வேண்டிவரும், அந்தச் சுமை முழுக்கப் பேட்டரி தலையில். பென்சில் வகை பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாக ஓம் மீட்டரில் அளங்கள். ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் காட்டினால் நல்லது, திறந்த சுற்றாகக் காட்டினால் எரிந்துவிட்டது. நேரடி இன்ஜெக்‌ஷனான எம்.டி.ஐ. 3200 (2,523 சி.சி.) வகையில் ஹீட்டர் இல்லை. அங்கே குளிரில் பிடிப்பது முழுக்கச் சுழற்சி வேகத்தை நம்பியது, ஆகவே சி.சி.ஏ. இன்னும் முக்கியம்.

ஹீட்டர் சரி, எர்த் சரி, முழு சார்ஜ் போட்டும் லோடில் 9.6-க்குக் கீழே போகிறது என்றால் பேட்டரி தன் காலத்தை முடித்துவிட்டது. தாராளமாக மாற்றுங்கள்.

அறிகுறி: மூன்று நான்கு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது

வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் வண்டிகளில் அதிகம். மைனஸ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, தூணுக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். சாவி ஆஃபில் இருக்கட்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும், மலிவான மீட்டர் என்றால் மீட்டரே போகும்.

ஸ்டீரியோ இல்லாத பழைய ஜீப்பில் கசிவு ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஸ்டீரியோ நினைவகத்துக்கு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை விட்டுக்கொடுக்கலாம். 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர், இரண்டு வாரத்தில் 33-க்கு மேல். 75 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி போயிற்று.

கசிவு இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டர் விழுகிறதோ அந்தச் சுற்று. எதற்கும் விழவில்லை என்றால் டைனமோவின் (ஆல்டர்நேட்டரைப் பேச்சில் இப்படித்தான் சொல்கிறோம்) கொழுத்த ஒயரைக் கழற்றுங்கள். அப்போது விழுந்தால் டயோடு ஓட்டை. அடுத்த சந்தேகம், ஃபியூஸ் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கூடுதல் ஒயரிங்: ஏர் ஹாரன் ரிலே, ஃபாக் லைட், ஜி.பி.எஸ். கருவி. பிரேக் லைட் சுவிட்ச் ஒட்டிக்கொள்வதும், ஹீட்டர் ரிலே உருகி மூடியே நிற்பதும் உண்டு. ஹீட்டர் ரிலே ஒட்டினால் சில மணி நேரத்திலேயே பேட்டரி காலி, ஆகவே நான்கு நாள் வரை தாங்கினால் அதை விட்டுவிடலாம்.

ஒன்றுமே கசியவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே நான்கு நாள் மரப்பலகை மேல் வையுங்கள். தானாகவே 12.6-லிருந்து 12.2-க்கு இறங்கினால் உள் ஷார்ட். சிமெண்ட் தரையில் வைத்தால் இறங்கும் என்பது ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. பெட்டி மேல் படிந்த ஆசிட் ஈரம்தான் இறக்கும். மீட்டரின் ஒரு முனையை மைனஸ் தூணிலும் மறுமுனையைப் பெட்டியின் மேல்தட்டிலும் தேய்த்துப் பாருங்கள். வோல்ட் காட்டினால் அந்த அழுக்கு வழியே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கழுவித் துடையுங்கள். செல் மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் அந்த செல்லின் ஆசிட் கெடும்.

அறிகுறி: தள்ளி ஸ்டார்ட் செய்தால் நாள் முழுக்க ஓடுகிறது, நிறுத்தினால் திரும்ப எடுக்கவில்லை

டீசல் வண்டியின் குணம் இது. பெட்ரோல் ஜிப்சியில் சார்ஜ் நின்றால் இக்னிஷன் தடுமாறி வண்டியே சொல்லிவிடும். கேபிள் இழுத்து நிறுத்தும் டீசலுக்கு ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். டைனமோ செத்து ஒரு வாரம் ஆனாலும் அது பாட்டுக்கு ஓடும். நீங்கள் குற்றம் கண்டுபிடிப்பது பேட்டரி காலியான பிறகுதான்.

என்ஜினை 1,500 முதல் 2,000 சுற்றில் பிடித்து, பேட்டரித் தூணில் அளங்கள். 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட்டையும் மற்ற விளக்குகளையும் போடுங்கள், 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 12.6-லேயே அசையாமல் நின்றால் சார்ஜ் இல்லை.

ஃபேன் பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. உள்வாங்க வேண்டும். அடுத்து டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் அது எரிகிறதா? அந்தச் சிறிய பல்ப் வழியாகத்தான் ஆல்டர்நேட்டரின் ஃபீல்டுக்கு முதல் கரண்ட் போகிறது. பல்ப் ஃபியூஸ் ஆனால் ஆல்டர்நேட்டர் விழிக்காது, அல்லது வெகுவாக முறுக்கினால்தான் விழிக்கும். ஒரு பல்ப்புக்காக ஆல்டர்நேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இன்னொன்று இந்த டீசல்களுக்கே உரியது. பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்நேட்டரின் பின்புறமே பூட்டப்பட்டிருக்கும் வண்டிகளில், ஆயில் சீல் தேய்ந்தால் என்ஜின் ஆயில் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கும். கார்பன் பிரஷ் ஆயிலில் ஊறி, சார்ஜ் விட்டுவிட்டு வரும். ஆல்டர்நேட்டர் உடம்பு ஈரமாகக் கருத்திருந்தால் பிரஷ்ஷை மட்டும் மாற்றிப் பலனில்லை, சீலையும் மாற்றுங்கள். இங்கே பிரேக்கும் சேர்ந்து சம்பந்தப்பட்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

உண்மையான டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் உள்ள மிகப் பழைய வண்டி என்றால் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாதது பிழையல்ல, அதன் இயல்பு. முதல் கியரில் ஊர்ந்து இலை மூட்டை ஏற்றும் எஸ்டேட் ஓட்டத்தில் அது பேட்டரியை நிரப்பவே நிரப்பாது.

எந்த வண்டியிலும், சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். டைனமோ காலத்தில் அது தப்பித்தது. ஆல்டர்நேட்டரில் டயோடும், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒரு நொடியில் போகும்.

அறிகுறி: அடிக்கடி தண்ணீர் கேட்கிறது, அழுகிய முட்டை நாற்றம், பெட்டி உப்புகிறது

ஆறு செல்லும் சமமாகக் குறைந்தால் ஓவர் சார்ஜ். 14.8 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது ரெகுலேட்டரின் எர்த் துருப்பிடித்து அது பேட்டரியைத் தப்பாகக் கணிக்கிறது. இரண்டாவதுதான் ஜீப்பில் அதிகம். ரெகுலேட்டர் பூட்டிய இடத்தைச் சுரண்டி, தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுத்துவிட்டு மறுபடி அளங்கள்.

ஒரே ஒரு செல் மட்டும் குறைந்தால் கதை வேறு. முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டரில் ஆறையும் பாருங்கள். புதிதாக இருந்தபோது அந்தந்தக் கம்பெனி குறிப்பிட்ட அளவு 1.240-லிருந்து 1.280-க்குள் இருக்கும். எந்த அளவாக இருந்தாலும், மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் இடையே 0.050-க்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த பேட்டரிக்கு மருந்தில்லை. இந்த அளவுகள் 27 டிகிரிக்கு உரியவை. 10 டிகிரிக் குளிரில் அளந்தால் ஆசிட் சற்று அடர்த்தியாகக் காட்டும், 0.012 கழித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த செல்லில் புது ஆசிட் ஊற்றி "சரிசெய்வது" ஹைட்ரோமீட்டரை ஏமாற்றும், பேட்டரியை அல்ல. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தகடுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. வரை, சார்ஜ் ஏறிய பிறகு. காலியான பேட்டரியில் விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து ட்ரேயைத் தின்னும்.

அறிகுறி: போன வருடம் வாங்கியதுதான், அதற்குள் செத்துவிட்டது

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பெட்டியை இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது. காட்டுப் பாதையில் ஒவ்வொரு குழியும் தகட்டில் அப்பியிருக்கும் ஈயப் பசையை உதிர்க்கிறது. உதிர்ந்தது அடியில் சேர்ந்து, ஒரு நாள் தகடுகளின் கீழ்விளிம்பைத் தொட்டு ஷார்ட் செய்கிறது. செல்களை இணைக்கும் ஈயப் பட்டை விரிசல் விட்டாலும் இதே கதிதான்: விளக்கு நன்றாக எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் அடித்ததும் எல்லாம் பூஜ்ஜியம், ஒரு நிமிடத்தில் திரும்ப உயிர் வரும். வண்டி இப்படி வருவதும் போவதுமாக இருந்தால், கேபிள்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில், உள் பட்டை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றத்தான் வேண்டும். எதை வாங்குவது?

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ட்ரேயின் நீளம், அகலம், பானெட் மூடிய பின் கிடைக்கும் உயரம், ப்ளஸ் எந்தக் கைப்பக்கம் என்பது. உயரத்துக்கு ஒரு சிறு யோசனை: பழைய பேட்டரி மேல் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மூடித் திறங்கள். நசுங்கிய உயரம்தான் இடைவெளி. 20 மி.மீ.க்குக் குறைந்தால் பள்ளத்தில் பானெட் தகடு ப்ளஸ்ஸைத் தொடும் அபாயம் உண்டு.

கைப்பக்கத்தை இப்படிக் குறியுங்கள்: டெர்மினல்கள் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும்படி நீளப் பக்கத்தைப் பார்த்து நின்று, ப்ளஸ் இடது கையா வலது கையா என்று எழுதி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருக்கும் எல், ஆர் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், எங்கிருந்து பார்ப்பது என்பதில் ஆளுக்கு ஆள் குழப்பம். கை மாறி வாங்கினால் கேபிள் எட்டாது. எட்ட வைக்க இழுத்துக் கட்டிய கேபிள் எங்காவது உரசும். தவறி மாற்றி மாட்டினால் டயோடுகள் அந்த நிமிடமே போகும்.

இந்த டீசல் ஜீப்புகளில் பெரும்பாலும் பொருந்துவது 12 வோல்ட், 75 முதல் 80 ஆம்பியர்-அவர் வகை. கடையில் பழக்கத்தில் என்70இசட் என்பார்கள், புதிய பெயரில் டி31 அளவு: நீளம் சுமார் 305 மி.மீ., அகலம் 173, டெர்மினலோடு உயரம் 225. "75டி31" என்ற பெயரில் 75 என்பது ஆம்பியர்-அவர் அல்ல, அது செயல்திறன் எண். ஆம்பியர்-அவர் தனியாக எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். டி என்பது அகல உயர வகுப்பு, 31 என்பது சென்டிமீட்டரில் நீளம். ட்ரே சிறியது என்றால் என்எஸ்70, நீளம் 260 மி.மீ., 65 ஆம்பியர்-அவர். சமவெளிக்கு அது போதும். பனிக் காலையில் திணறும்.

டின் (DIN, ஜெர்மன் தர அளவு) வகை கார் பேட்டரிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன, அளவும் கிட்டத்தட்ட வரும். ஆனால் உயரம் 190 மி.மீ. தான். ஜீப்பின் மேல் சட்டமும் நீண்ட கொக்கி போல்ட்டுகளும் உயரமான பெட்டிக்குச் செய்தவை. மரை தீர்ந்து, நட் அடியில் முட்டி, பேட்டரி இறுகாமல் நிற்கும். அடியில் கட்டை வைத்து உயர்த்தும் தீர்வு காட்டுப் பாதைக்கு ஆகாது.

பெரிய பேட்டரி போட்டால் டைனமோ தாங்காது என்ற பயம் தேவையில்லை. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 300 ஆம்பியர் 5 விநாடி என்றால் செலவு 0.4 ஆம்பியர்-அவர்தான், பெட்டி பெரிதானாலும் சிறிதானாலும் திரும்ப நிரப்ப வேண்டியது அதே அளவு. முழுக்க இறங்கிய பெரிய பேட்டரியை நிரப்பத்தான் அதிக நேரம் ஆகும்.

வகையைப் பொறுத்தவரை என் தேர்வு, மூடி திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய சாதாரண பேட்டரி. முழுக்க மூடிய கால்சியம் வகைக்கு 14.4 பக்கம் சார்ஜ் வோல்ட் கிடைத்தால்தான் வயிறு நிறையும். 13.8-ல் நிற்கும் பழைய ரெகுலேட்டர் அதை நிரந்தரமாக அரைப் பட்டினியில் வைத்து, தகடில் சல்ஃபேட் படியவைத்துவிடும். அதே ரெகுலேட்டர் ஒரு நாள் 15-க்கு ஏறினால் மூடிய பெட்டியில் தண்ணீர் சேர்க்கவும் வழியில்லை. ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த வகை) அதிர்வைத் தாங்கும், சாய்ந்தாலும் சிந்தாது; ஆனால் ஓவர் சார்ஜும் பானெட் சூடும் அதற்குப் பகை. ரெகுலேட்டரைப் புதிதாக்கி 14.4-ல் நிறுத்தியவர்கள் தாராளமாக வாங்கலாம். டிராக்டர் பேட்டரி அதிர்வுக்கென்றே கட்டியது, ட்ரேயில் உட்கார்ந்தால் அருமையான தேர்வு. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி மட்டும் வேண்டவே வேண்டாம். அது மெதுவாகப் பல மணி நேரம் கொடுக்கச் செய்தது. செல்ஃப் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்கத் தடித்த தகடுகளால் முடியாது.

வின்ச் (கம்பி வடம் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) பூட்டியிருந்தால் கணக்கு மாறும். முழு இழுப்பில் அது 400 ஆம்பியர் வரை தின்னும். 300 ஆம்பியரில் ஒரு நிமிடம் இழுத்தால் 5 ஆம்பியர்-அவர். 20 ஆம்பியர் உபரி தரும் டைனமோ அதைத் திருப்பித் தரக் கால் மணி நேரம் ஆகும். என்ஜினை ஓடவிட்டுத்தான் இழுக்க வேண்டும், இடையிடையே ஓய்வு விட வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அது 24 வோல்ட்டாக இருக்கலாம். அங்கே இரண்டு 12 வோல்ட் தொடராக. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

கடையில் மீட்டரை எடுத்துப் போங்கள். 12.5-க்குக் கீழே காட்டும் "புது" பேட்டரியை வாங்காதீர்கள், அது அலமாரியில் தூங்கியது. தயாரிப்புத் தேதிக் குறியீட்டைக் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. உத்தரவாத அட்டையில் இலவசமாக மாற்றும் காலம் எவ்வளவு, கழிவு விலையில் மாற்றும் காலம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். 36 மாதம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் முழு இலவசம் அதில் ஒரு பகுதிதான். வாடகை வண்டிக்குக் காலம் குறைவாக இருக்கலாம். பழைய பேட்டரியைக் கையோடு கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்கு விலையில் கழிப்பார்கள். ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடைக்குப் போட வேண்டாம்.

பொருத்துவது

ட்ரேயைச் சோடாத் தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, 5 மி.மீ. ரப்பர் ஷீட் விரியுங்கள். பெட்டியை வைத்து மேல் சட்டத்தை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். ஆடக் கூடாது, அதே நேரம் பெட்டி பிதுங்கவும் கூடாது. அதிகம் இறுக்கினால் மேட்டில் ஏறும்போது சேஸி முறுக்கும் இழுப்பில் பெட்டி விரிசல் விடும்.

தூணையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் பளபளக்கத் தேயுங்கள். ப்ளஸ் தூண் மைனஸைவிடத் தடிமன். கிளாம்ப் மாறிப்போனால் ஒன்று இறங்காது, மற்றொன்று இறுகாது. தகரத் துண்டு செருகி இறுக்காமல் சரியான கிளாம்ப்பை வாங்குங்கள். சுத்தியலால் தட்டி இறக்கினால் தூணின் அடியில் ஈயம் உடையும். இறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். இறுக்கும் முன் கிரீஸ் பூசி மாட்டுவது வேண்டாம். ப்ளஸ்ஸுக்கு ரப்பர் தொப்பி கட்டாயம்.

வண்டியை ஸ்டார்ட் செய்து மூன்று எண்களை மார்க்கர் பேனாவால் பெட்டியின் பக்கத்திலேயே எழுதுங்கள்: ஓய்வில் எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு, 2,000 சுற்றில் எவ்வளவு. கூடவே தேதி. அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட வேண்டியது இந்த எண்களோடுதான். இரண்டு வாரம் ஓடியதும் ரப்பர் அமுங்கியிருக்கும், சட்டத்தின் நட்டுகளை இன்னொரு அரைச் சுற்று இறுக்குங்கள். ஒரு மாதத்தில் மூடி திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால், மீட்டரை எடுத்துக்கொண்டு ரெகுலேட்டரிடம் திரும்பப் போங்கள்.